சிங்கிள் சைன்-ஆன்: 'ஒருங்குநுழைவு' சரிவருமா?

வணக்கம்.

கடவுச்சொல்லை ஒரே தடவை கொடுத்துவிட்டுப் பல சேவைகளிலும் நுழைய விடும் ஏற்பாடுதான் சிங்கிள் சைன்-ஆன். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் அடுத்த பருவத்திலிருந்து இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வருகிறது. மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது. அதனால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

இப்போது எங்களிடம் வைஃபைக்கு ஒரு கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு ஒன்று, பாடங்கள் இருக்கும் மூடுலுக்கு ஒன்று, நூலகத்துக்கு, தேர்வுக் கட்டணத்துக்கு, விடுதிக் கணக்குக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. போன பருவத்தில் முதலாண்டு மாணவி ஒருவர் கணினி மையத்துக்கு வந்தார். அடையாள அட்டையின் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு துண்டுத்தாளை எடுத்து விரித்தார். ஆறு கடவுச்சொற்கள். இரண்டை அடித்துவிட்டு மேலே பொடி எழுத்தில் மாற்றி எழுதியிருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி அழிந்தே போயிருந்தது. தேர்வுக் கட்டணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். மூன்று தடவை தவறாகத் தட்டியதில் கணக்கு பூட்டிக்கொண்டது. அவரை உட்காரவைத்துச் சரிசெய்து அனுப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையேட்டில் வரும் சொல், விளக்கம் எதுவும் இல்லாமல் அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டும். என் அளவுகோல் அதுதான்.

இழையில் அதிகம் பேர் ஆதரித்தது 'ஒற்றை உள்நுழைவு'. பல இடங்களில் புழக்கத்திலும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு நெருடுகிறது. தமிழில் 'ஒற்றை' என்றாலே துணையில்லாமல் தனித்து நிற்பது: ஒற்றைப் பனை, ஒற்றை ஆள், ஒற்றை மாட்டு வண்டி. இங்கே தனித்து நிற்பது எதுவும் இல்லை. போகிற இடங்கள் பல. ஒவ்வொன்றிலும் நுழையத்தான் செய்கிறோம், 'நீ யார்' என்ற கேள்வி மட்டும் ஒரே தடவை. 'ஒற்றை நுழைவு' என்றால் ஒரு தடவை மட்டும் போய்வர அனுமதிக்கும் விசா போலவும் ஒலிக்கிறது.

'ஒற்றைச் சாளர நுழைவு' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பொறியியல் கலந்தாய்வால் ஊரறிந்த சொல் அது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே எல்லா வேலையும் ஒரே இடத்தில் முடிகிறது. நம் ஏற்பாட்டில் நூலகம் நூலகமாகவே இருக்கிறது, விடுதி விடுதியாகவே இருக்கிறது. 'பொதுநுழைவு' என்பதையும் விட்டுவிடலாம். பல்கலைக்கழக வளாகத்தில் அப்படி ஒரு தலைப்பைப் போட்டால் மாணவர்கள் நுழைவுத் தேர்வு என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு முதலில் பிடித்திருந்தது 'ஒருமுறை நுழைவு'. செவ்வாய்க்கிழமை எங்கள் அறைக்கு வெளியே வரிசையில் நின்ற மாணவர்கள் சிலரிடம் அதைத் தாளில் எழுதிக் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். இரண்டாவதாக நின்ற பையன் சட்டென்று, "ஓடிபி மாதிரியா சார்?" என்றான். அதோடு அதைக் கைவிட்டேன். ஒருமுறைக் கடவுச்சொல் என்பது பயன்படுத்தியதும் தூக்கி எறிவது. இங்கேயோ ஒருமுறை சொன்னது நாள் முழுவதும் நிலைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே முன்னொட்டு இருந்தால் தினமும் குழப்பம்தான்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து சொல்லைத் தேடிப் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்குகிறோம் இல்லையா? காலையில் வரிசையில் நின்று பெயர், வயது, ஊர் சொல்கிறோம். சீட்டு கையில் வந்ததும் டாக்டர் அறை, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஊசி போடும் இடம், மருந்து கொடுக்கும் இடம் எல்லாவற்றிலும் அதை நீட்டினால் போதும். அங்கே யாரும் மறுபடி ஊர் பெயர் கேட்பதில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் முறையும் அடிப்படையில் இதுதான். வளாகம் முழுக்கக் கணினிகளைப் பரப்பி, எந்த மாணவரும் எதிலும் உட்காரலாம் என்று வைத்தார்கள். அப்போது கடவுச்சொல்லை ஒவ்வொரு சேவைக்கும் வலையமைப்பின் வழியே அனுப்பினால், நடுவில் ஒட்டுக்கேட்பவர் கையில் சிக்கிவிடும். அதனால் நடுவில் ஒரு வழங்கியை (சர்வர்) வைத்து, பயனர் யார் என்பதை அங்கே உறுதிசெய்துகொண்டார்கள். அது ஒரு டிக்கெட் தரும். அதைக் காட்டி, அச்சுப்பொறிக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று என்று வேறு டிக்கெட்டுகள் வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் எந்தச் சேவையின் கைக்கும் போகாது. டிக்கெட்டுக்குக் கால வரம்பும் உண்டு, ஓ.பி. சீட்டு அன்றைக்கு மட்டும் செல்லுவது போல.

இந்த டிக்கெட்டுக்கு 'சீட்டு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 'அனுமதிவில்லை' என்று வந்த பரிந்துரை அழகுதான், ஆனால் வில்லையை யாரும் வாங்கிப் பழகவில்லை. பயணச்சீட்டு, நுழைவுச்சீட்டு, அர்ச்சனைச் சீட்டு எல்லாம் நம் கையில் புழங்குபவை. கடவுச்சொல்லும் கடவுச்சீட்டும் ஒரே குடும்பம் என்பது கூடுதல் வசதி. சீட்டுக் கட்டும் ஏலச்சீட்டும் நினைவுக்கு வரும் என்று அம்மா ஒருவர் எழுதினார். வரும்தான். ஆனால் 'சீட்டு காலாவதியாகிவிட்டது, மீண்டும் நுழைக' என்று திரையில் வந்தால் யாரும் ஏலச்சீட்டு என்று நினைக்க மாட்டார்கள்.

மற்ற சீட்டுகளைப் பெற்றுத்தரும் அந்த முதல் சீட்டுக்குத்தான் இரண்டு நாள் யோசித்தேன். 'சீட்டு வழங்கு சீட்டு' என்று எழுதிப் பார்த்தால் நாக்கு சுளுக்குகிறது. அப்புறம் பத்திரப் பதிவு அலுவலக வாசல் நினைவுக்கு வந்தது. நிலம் வாங்கப் போனால் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். பின்னால் வந்த பத்திரங்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வருபவை. அந்த வழியில் இதைத் 'தாய்ச்சீட்டு' என்று சொல்லலாம். சேவைகளுக்கானது 'சேவைச்சீட்டு'. தாய்ச்சீட்டு பிறர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைக்கூட இந்தச் சொல்லே உணர்த்திவிடுகிறது. இந்த இழையில் நான் ஒன்றுக்கு மட்டும் வாதாடலாம் என்றால் இதற்குத்தான் வாதாடுவேன்.

இனி தலைப்புச் சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை 'ஒருங்குநுழைவு'. ஒருங்கு என்றால் ஒருசேர, எல்லாம் சேர்த்து. யூனிகோடுக்கு ஒருங்குறி என்று ஏற்கெனவே பழகிவிட்டோம், எனவே கணினித் தமிழுக்கு அந்நியமான வேர் இல்லை. பல இடங்கள், ஆனால் சேர்த்து ஒரே நுழைவு என்ற பொருள் கிடைக்கிறது. 'ஒருங்குநுழைவு வழங்கி', 'ஒருங்குநுழைவுக் கணக்கு' என்று நீட்டவும் முடிகிறது. பலர் கூட்டமாக நுழைவதாகப் பொருள்படாதா என்ற கேள்வி வந்தது. தனியாகப் படித்தால் கொஞ்சம் அப்படித் தோன்றலாம், 'ஒருங்குநுழைவுக் கணக்கு' என்று வரும்போது தோன்றாது. மாணவர் அழுத்தும் பொத்தானில் இது வரவே வேண்டாம். அங்கே 'பல்கலைக்கழகக் கணக்கால் நுழைக' என்று இருந்தால் போதும்.

ஷிபோலெத்துக்கும் தமிழ்ப்பெயர் வேண்டும் என்று ஒரு மடல் கேட்டது. நம் பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே வெளியே உள்ள ஆய்விதழ்த் தளங்களில் நுழைய உதவும் மென்பொருள் அது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் இன்ஃபெட் கூட்டமைப்பும் அதைத்தான் பயன்படுத்துகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பெயரைத் தொட வேண்டாம். விவிலியத்தில் நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரக் கதை. போரில் தோற்று யோர்தான் துறையில் தப்பி ஓடிவருபவனைக் கீலேயாத் ஆட்கள் நிறுத்தி 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்வார்கள். தோற்ற எப்பிராயீம் ஆட்களுக்கு 'ஷி' வராது, 'சிபோலேத்' என்பார்கள், பிடிபட்டுவிடுவார்கள். 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லி ஆளை எடைபோடும் நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. நாக்கே கடவுச்சொல்லான கதை அந்தப் பெயருக்குள் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது சிங்கிள் லாக்-அவுட், அதாவது ஒரே தடவையில் எல்லாச் சேவைகளிலிருந்தும் வெளியேறுவது. கையேட்டில் மிக முக்கியமான பக்கமும் அதுதான். நூலகக் கணினியில் மூடுலிலிருந்து மட்டும் வெளியேறிவிட்டு ஒருவர் எழுந்து போகிறார். தாய்ச்சீட்டு அந்த உலாவியில் அப்படியே இருக்கிறது. அடுத்து உட்காருபவர் தேர்வுக் கட்டணப் பக்கத்தைச் சொடுக்கினால், கடவுச்சொல் கேட்காமலே முந்தையவரின் கணக்கு திறக்கும். ஆறு கடவுச்சொல் காலத்தில் இந்த ஆபத்து ஒரு தளத்தோடு நின்றது. 'ஒருங்குவெளியேற்றம்' என்றால் யாரையோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கிறது. 'ஒருங்குவெளியேறல்' வாயில் நிற்கவில்லை. விக்கிப்பீடியாவில் லாக்-இன், லாக்-அவுட்டுக்குப் புகுபதிகை, விடுபதிகை என்ற இணை இருப்பதால் 'ஒருங்குவிடுகை' என்றும் எழுதிப் பார்த்தேன், மாணவர்களுக்குப் புரியவில்லை. பொத்தானுக்கு மட்டும் 'எல்லாவற்றிலிருந்தும் வெளியேறு' என்று எழுதிவைத்திருக்கிறேன். நீளம்தான், ஆனால் தப்பாகப் படிக்க வழியில்லை.

இதற்கு ஒரு நல்ல பெயர்ச்சொல் யாருக்காவது தோன்றினால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். 'ஒருங்குநுழைவு', 'தாய்ச்சீட்டு' இரண்டுக்கும் மறுப்பு இருந்தாலும் அதே கெடுவுக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கணினி மையத்திலிருந்து