டாக்குமெண்டேஷன்: ஆவணமா, விளக்கவுரையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருளின் டாக்குமெண்டேஷனை, அதாவது அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் எழுத்துகளை, செம்மைப்படுத்தத் தன்னார்வலர்களை அழைக்கும் பக்கத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியுள்ளது. அச்சொல்லுக்குத் தமிழாகப் பலரும் முன்மொழிந்துள்ள 'ஆவணமாக்கல்' என்பதை ஏற்க ஏன் தயங்குகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

'ஆவணம்' பழஞ்சொல்தான். பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமையென்று காட்ட வந்த ஓலை ஆவணம். பத்திரப்பதிவில் இன்றும் ஏறத்தாழ அதே பொருள். கணினியிலோ எழுதிச் சேமிக்கும் எந்தக் கோப்புக்கும் அதுவே பெயராகிவிட்டது. 'ஆவணமாக்கலில் உதவுங்கள்' என்று அழைத்தால், மென்பொருளை நிறுவும் முறையையும் கட்டளைகளின் பயனையும் விளக்கி எழுதச் சொல்கிறோம் என்பது புதியவருக்கு எப்படி விளங்கும்? நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முழுமையற்ற அல்லது காலங்கடந்த விளக்கங்களை எதிர்கொண்டதாகப் பங்கேற்றோரில் 93 விழுக்காட்டினர் கூறினர். ஆனால் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் அப்பணியில் அரிதாகவே ஈடுபடுகிறார்கள், அல்லது ஈடுபடுவதே இல்லை. ஆள் குறைந்த பணிக்கு அழைக்கும் சொல்லிலேயே மயக்கம் இருக்கலாகாது.

என் முன்மொழிவு 'விளக்கவுரை'. கருத்து, பதப்பொருள், உதாரணம், வினாவிடை ஆகியவற்றால் சூத்திரத்தின் பொருளைத் தோன்றச் செய்வது காண்டிகையுரை என்கிறது நன்னூல். நிரலில் ஒரு பணியைச் செய்யும் பகுதியான செயற்கூற்றின் சுருக்கம், அது ஏற்கும் மதிப்புகளின் பொருள், மாதிரி நிரல், அடிக்கடி எழும் ஐயங்கள் என நாம் எழுதுவதும் இவையே அல்லவா? இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்து விரிப்பது விருத்தியுரை. விரிவான கையேட்டுக்கு அது பொருந்தும். மென்பொருளோடு வரும் அறிமுகக் கோப்பான ரீட்மீயைப் 'பாயிரம்' என்றே அழைக்கலாம். நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றைச் சொல்வதுதானே சிறப்புப்பாயிரம்? மேலும், உரை எழுதுபவர் நூலாசிரியராக இருக்க வேண்டியதில்லை. நிரல் எழுதாதவருக்கும் இப்பணியில் இடமுண்டு என்பதை அச்சொல்லே உணர்த்திவிடும்.

மறுமொழி

ஐயா, வணக்கம். தங்கள் நன்னூல் ஒப்பீட்டை மிகவும் விரும்பிப் படித்தேன். ஆயினும் தமிழ்க் கணிமையில் 'உரை' ஏற்கெனவே டெக்ஸ்ட் என்பதற்கு வழங்குகிறது. உரைக்கோப்பு, உரைத்திருத்தி ஆகியவற்றின் அருகே 'விளக்கவுரைக் கோப்பு' வந்தால் தாங்கள் அஞ்சும் அதே மயக்கம் இங்கும் எழும். நூல் முடிந்தபின் எழுவது உரை; நிரலுக்கு முன்பே விளக்கத்தை எழுதித் தொடங்கும் திட்டங்களும் இருக்கின்றனவே. 'காண்டிகை', 'பாயிரம்' என்பவற்றுக்கோ வகுப்பில் முதலில் அகராதியைத்தான் திறக்க வேண்டியிருக்கும். ஆவணமாக்கல் குறையுடைய சொல்லே எனினும் பழகிவிட்டது. அதை மாற்றினால் இதுவரை மொழிபெயர்த்த பக்கங்கள் அனைத்தையும் திருத்த நேரும்.

மறுமொழி

'உரை' பற்றிய தடை வலுவானதே. காண்டிகையையும் பாயிரத்தையும் நான் வலியுறுத்தவில்லை. பெரும்பான்மையோர் விருப்பப்படி தலைப்பில் 'ஆவணமாக்கல்' இருக்கட்டும். ஆனால் முதல் பத்தியில், 'பயன்படுத்துவோருக்கான விளக்கங்களை எழுதுதலும் திருத்துதலும்' என்று விரித்தே எழுதப்போகிறேன். பழகியது என்பதாலேயே ஒரு சொல் பொருந்திவிடாது என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை. சொற்பட்டியலில் 'விளக்கவுரை' மாற்றுச் சொல்லாக இடம்பெற வேண்டுகிறேன்.