கலைச்சொல் தேவை: ‘நான்-சபார்டினேஷன்’ (யுனெஸ்கோ 2005 உடன்படிக்கை, உறுப்பு 20)

மீ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை அரசறிவியல் பாடநூலுக்காக, பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைக் காக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை பற்றி ஓர் இயல் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 2005 அக்டோபர் 20 அன்று பாரிசில் 148 நாடுகள் ஆதரிக்க, அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்க்க, ஆஸ்திரேலியா உள்பட நான்கு நாடுகள் ஒதுங்கிக்கொள்ள, அது நிறைவேறிய கதை வரை முடித்துவிட்டேன். 20ஆம் உறுப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். பிற உடன்படிக்கைகளோடு இதற்குள்ள உறவைச் சொல்லும் உறுப்பு அது. தலைப்பில் மூன்று சொற்கள். ‘ஒன்றுக்கொன்று துணைநிற்றல்’, ‘ஒன்றையொன்று நிறைவுசெய்தல்’ என்று முதல் இரண்டையும் ஒப்பேற்றிவிட்டேன். மூன்றாவது ‘நான்-சபார்டினேஷன்’, அதாவது ஓர் உடன்படிக்கையை இன்னொன்றுக்குக் கீழே வைக்காமல் இருப்பது. ‘கீழ்ப்படியாமை’ என்று போட்டால், உலக வர்த்தக அமைப்பின் பேச்சை யுனெஸ்கோ கேட்கவில்லை என்று தேர்வில் எழுதிவைப்பார்கள். உதவுங்கள்.

புல. எழுதியது:

கீழ்ப்படியாமை வேண்டாம் அம்மா. ‘அடங்காமை’யும் ஆகாது, அது ஆரிருள் உய்த்துவிடும். ‘பணியாமை’ நல்ல சொல். ‘பள்’ என்னும் வேர் தாழ்வைக் குறிப்பது. பள்ளம், படுகர், படுகை, படுத்தல், பணிதல் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. பண்படுத்திய நிலம் தாழ்ந்து இளகுவதால் பண்பாடும் இந்த வேரிலிருந்தே கிளைத்தது என்று நிறுவ முடியும். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

இரா. எழுதியது:

தனி மடல் திங்கட்கிழமைக்குப் பிறகு வரட்டும் ஐயா. அரசு அலுவலகத்தில் தினமும் புழங்கும் சொல் இருக்கும்போது வேர் எதற்கு? சார்நிலைப் பணி, சார்நிலை அலுவலர் என்றால் கடைநிலை ஊழியருக்கும் புரியும். அதைக் கொண்டு ‘சார்நிலையின்மை’ என்று முடித்துவிடலாம்.

க. (யாழ்ப்பாணம்) எழுதியது:

இரா. அண்ணை, சார்நிலையின்மை எண்டால் எங்கட பிள்ளையளுக்கு மதச்சார்பின்மைதான் ஞாபகம் வரும். இன்னொண்டு, ‘கன்வென்ஷன்’ எண்டதுக்கு நாங்கள் ‘சமவாயம்’ எண்டுதான் எழுதுறனாங்கள். ‘ஆர்ட்டிக்கிள்’ எங்களுக்கு உறுப்புரை. உடன்படிக்கை எண்டு எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள போட்டால் ‘ட்ரீட்டி’க்கு என்ன செய்வியள்? இந்த உறுப்புரையே மற்ற ட்ரீட்டிகளைப் பற்றித்தானே கதைக்குது.

புல. எழுதியது:

சமவாயம் வைசேடிகர்களின் பதார்த்தம். குணமும் பொருளும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதற்கு அவர்கள் வைத்த பெயர். விலக விரும்பும் நாடு அறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளக்கூடிய ஓர் ஆவணத்துக்குப் போய் அந்தப் பெயரா? கலாசாரம் என்றும் எழுதுகிறீர்கள். ‘பாடறிந்து ஒழுகுதல்’ என்று கலித்தொகை சொன்ன பண்பை வைத்துக்கொண்டு எதற்கு இரவல்?

க. எழுதியது:

இரவலோ சொந்தமோ, பாடப்புத்தகத்தில இருக்கிறதைத்தான் பிள்ளை படிக்குது.

தே. எழுதியது:

நான் வழக்கறிஞர். சண்டைக்குள் வரவில்லை. ஆனால் சொல்லைத் தேடுமுன் இந்த உறுப்பு எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

1993இல் காட் (உலக வர்த்தக அமைப்புக்கு முந்தைய வணிக ஒப்பந்தம்) பேச்சு முடிகிற கட்டத்தில் திரைப்படம், தொலைக்காட்சியை வணிகப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்தது. 1997இல் கனடா, தன் விளம்பரங்களைக் கவரும் அமெரிக்க இதழ்களின் கனடியப் பதிப்புகள் மேல் போட்டிருந்த 80 விழுக்காட்டு வரி பற்றிய வழக்கில் உலக வர்த்தக அமைப்பில் தோற்றது. வணிக மன்றத்தில் பண்பாட்டுக்கு நிற்க இடமில்லை என்று கண்ட பிறகுதான் தனி உடன்படிக்கை வேண்டும் என்று இவர்கள் தீவிரமாகக் கிளம்பினார்கள்.

இப்போதைய 20ஆம் உறுப்பு 2004 வரைவில் 19ஆம் உறுப்பாக இருந்தது. அதில் இரண்டு மாற்றுகள் வைத்திருந்தார்கள். ஒன்று, பண்பாட்டுப் பன்மைக்குக் கடும் சேதமோ அச்சுறுத்தலோ வந்தால் ஒழிய, மற்ற உடன்படிக்கைகளின் உரிமைகளை இது தொடாது என்றது. உயிரினப் பன்மை உடன்படிக்கையின் 22ஆம் உறுப்பிலிருந்து எடுத்த வாசகம் அது. மற்றது, எதையும் தொடாது, அவ்வளவுதான் என்றது. தென்னாப்பிரிக்காவின் காதர் அஸ்மல் தலைமையில் நடந்த பேச்சின் முடிவில் இரண்டில் எதுவும் வெல்லவில்லை. இப்போதுள்ள முதல் பத்தி, நாடுகள் இந்த உடன்படிக்கையை வேறெதற்கும் கீழே வைக்காமல் நடக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் பத்தி, பிற உடன்படிக்கைகளின் உரிமை, கடமை எதையும் இது மாற்றாது என்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், மயக்கம் வரும். ஆளுக்கொன்று கொடுத்துப் பெரும்பாலோரை ஒத்துக்கொள்ள வைத்த வாசகம் அது.

ஆகவே, நாம் போடும் சொல் அந்த மயக்கத்தைத் தீர்த்துவைக்கக்கூடாது. முதல் பத்தியில் ‘கீழே வைப்பது’ நாடுகளின் வினை. பணியாமை, அடங்காமை எல்லாம் தன்வினை. உடன்படிக்கையே முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடும். கீழ்ப்படி வேறு, கீழ்ப்படு வேறு. கீழ்ப்படு என்பதன் பிறவினை கீழ்ப்படுத்து. ‘கீழ்ப்படுத்தாமை’ என்பது என் முன்மொழிவு.

செ. எழுதியது:

தே. அண்ணா, நான் முதுகலை மாணவன். ‘சமநிலை’ என்று எளிமையாக வைத்தால் என்ன? ‘கீழ்ப்படுத்தாமை’யை வகுப்பில் சத்தமாகச் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ‘ஏன் சார் படுத்துறீங்க’ என்று குரல் வரும்.

தே. எழுதியது:

வரட்டும் தம்பி, அப்படியாவது நினைவில் நிற்கும். சமநிலை என்று உடன்படிக்கை எங்கும் சொல்லவில்லை. அப்படி எழுதினால் பாரிசில் கேட்டும் கிடைக்காததை நாம் தமிழில் வாங்கிக் கொடுத்தது போல் ஆகும். தென் கொரியாவைப் பாருங்கள். 2005இல் ஆதரித்து வாக்களித்தது. திரையரங்குகள் உள்நாட்டுப் படம் ஓட்ட வேண்டிய கட்டாய நாட்களை 2006இல் 146இலிருந்து 73 ஆக்கியது, அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் பேசுவதற்காக. திரைப்படக்காரர்கள் தெருவில் இறங்கியும் பயனில்லை. உடன்படிக்கையை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2010இல். இதில் சமநிலை எங்கே இருக்கிறது?

இரா. எழுதியது:

உடன்படிக்கையின் ஏற்புடைய மொழிகள் ஆறுதான். அதில் தமிழ் இல்லை. பாடக்குறிப்புக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா? புரிந்தால் போதாதா?

புல. எழுதியது:

புரியவைக்கிறேன் என்றுதான் ‘பஸ்’ஸையும் விட்டுவைத்தார்கள்.

மீ. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தே., செ. (அரைமனதாக), இன்னும் இருவர் தனி மடலில், ‘கீழ்ப்படுத்தாமை’ என்கிறார்கள். அதையே போடுகிறேன். முதல்முறை வருமிடத்தில் ‘வேறோர் உடன்படிக்கைக்குக் கீழே வைக்காமை’ என்று விளக்கமும் சேர்க்கிறேன். சமவாயம், உறுப்புரை இரண்டும் இலங்கை வழக்காகச் சொல்லடைவில் இடம்பெறும்.

இன்னும் ஒன்று. 25ஆம் உறுப்பில் தகராறு தீர்க்கும் வழிகளில் ‘குட் ஆஃபீசஸ்’ வருகிறது, அதாவது மூன்றாம் தரப்பு ஒன்று இரு தரப்பையும் பேச வைக்க உதவுவது. பழைய குறிப்பு ஒன்றில் ‘நல்ல அலுவலகங்கள்’ என்றிருக்கிறது. யாராவது மாற்றுச் சொல் தர முடியுமா?

க. எழுதியது:

சொல்லடைவில போடுறதுக்கு நன்றி அம்மா. ஆனால் ‘ட்ரீட்டி’க்கும் ‘கன்வென்ஷனு’க்கும் ஒரே சொல்லை வைச்சுக்கொண்டு 20ஆம் உறுப்புரையைப் படிப்பிக்கேலாது. என்ர எதிர்ப்பைப் பதிஞ்சு வையுங்கோ.

புல. எழுதியது:

நல்ல அலுவலகங்களுக்கு ‘சந்து’ இருக்கிறது. சந்து செய்வித்தல் என்பது இரு தரப்பையும் இணங்க வைப்பது. வேர் பற்றி இன்றிரவு எழுதுகிறேன்.