புதுப்பிப்பு: மெட்ராஸ் டெரஸ் வீட்டில் நடுச்சுவரை எடுப்பது

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள 9 அங்குலச் சுவரை எடுத்து வெளிச்சம் வரவைப்பது பற்றி முன்பு எழுதிய இழையின் தொடர்ச்சி. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய பழைய வகைக் கூரை. அந்தக் கட்டைகள் இந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே அது பாரம் தாங்கும் சுவர், அதை எடுத்தால் அதன் இடத்தில் இரும்பு கர்டர் (உத்திரம்) கட்டாயம். கர்டரின் அளவைக் கட்டடப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும், கொத்தனாரின் கண் அளவு போதாது.

சுவரின் இரு பக்கமும் கட்டைகளுக்கு அடியில் குறுக்கே பலகை வைத்து முட்டுக் கொடுத்த பிறகே இடிக்கலாம். கர்டரின் இரு முனைகளும் கான்கிரீட் பெட் பிளாக்கில் (பாரத்தைச் சுவரில் பரப்பும் கட்டியில்) அமர வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் நேராக வைத்தால் செங்கல் நொறுங்கும். கர்டருக்கும் கட்டைக்கும் நடுவே சாதாரண சிமெண்ட் கலவை வேண்டாம். அது காய்ந்து சுருங்கினால் கூரை இறங்கி, மேலே தளம் விரிசல் விட்டு, மழையில் ஒழுகும். இரும்புத் தகடு செருகி, சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் கலவை) அடைக்கவும். அது இறுகிய பிறகு முட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும்.

வெளிச்சத்துக்காகக் கூரையை வெட்டிக் கண்ணாடி வைக்கலாமா என்று அந்த இழையில் சிலர் கேட்டிருந்தார்கள். வைக்கலாம், ஆனால் கூரையில் மூலைவாட்டில் அடுக்கிய சிறு செங்கற்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. வெட்டினால் பக்கத்துக் கற்களும் உதிரும். வடக்குச் சுவரில் உயரமாக ஒரு வென்டிலேட்டர் போடுவதே மலிவு, வெயிலும் அதிகம் அடிக்காது.