மகளுக்கு இரண்டு பல் முளைக்கவே இல்லை. இப்போதே இம்பிளான்ட் வைக்கலாமா?

நெல்லை அம்மா:
மகள் எட்டாம் வகுப்பு, வயது 13. மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்கும் பக்கத்தில் வர வேண்டிய பல் இரண்டு பக்கமும் வரவில்லை. இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தோம், ஈறுக்குள்ளும் ஒன்றும் இல்லை. கோரைப்பற்கள் இறங்கி முன்பல்லை ஒட்டி நிற்கின்றன. என் தம்பிக்கும் இடது பக்கம் அதே பல் கிடையாது, வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இவளோ ஆண்டுவிழாவில் பாடப் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு தானே போய் எடுத்துவிட்டாள். பக்கத்து கிளினிக்கில், கம்பி போட்டு இடம் உண்டாக்கி, தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்டை உடனே வைக்கலாம் என்கிறார்கள். சரியா?

பல் சீரமைப்பு மருத்துவர்:
அம்மா, இம்பிளான்ட் மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். தாடை வளரும்போது சொந்தப் பல் அதோடு சேர்ந்து இறங்கும். இம்பிளான்ட் எலும்போடு இறுகிவிடுவதால் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். சில வருஷத்தில் பக்கத்துப் பற்கள் கீழே வந்து, அது மட்டும் ஏறிப்போய்க் குட்டையாகத் தெரியும். முன்வரிசையில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பெண்பிள்ளைகளுக்குக் குறைந்தது 17, 18 வயதாவது ஆகட்டும். அப்போதும் உயரம் நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கோரைப்பல் தானாகவே முன்னே வந்திருப்பது உங்களுக்கு நல்லதுதான். கம்பி போட்டு இடைவெளியை மூடி, அதன் கூர் முனையைத் தேய்த்து, பல் நிறத்தில் ஒட்டும் காம்போசிட் வைத்துப் பக்கப்பல் மாதிரி ஆக்கிவிடலாம். கோரைப்பல் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், அதற்கும் வழி உண்டு. கடைசிவரை சொந்தப் பல் என்பதால், பொருந்துகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் விரும்புவேன். மேல்பல் எவ்வளவு முன்னே நிற்கிறது, கீழ்வரிசையில் நெருக்கம் உண்டா என்பதை வைத்தே முடிவு செய்ய முடியும்.

இடம் திறப்பதுதான் சரி என்றால், கழற்றி மாட்டும் தட்டில் பல் வைத்துக் கொடுப்பார்கள். பிறகு, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் செயற்கைப் பல்லான பிரிட்ஜ் போடலாம். அதற்குப் பெரும்பாலும் பல்லைத் தேய்க்க வேண்டியதில்லை, சில சமயம் மறுபடி ஒட்ட வேண்டி வரும், அவ்வளவுதான். எந்த வழியானாலும், மாவில் அளவெடுத்து, முடிந்தபின் எப்படி இருக்கும் என்று மெழுகில் அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். மகளும் பார்க்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும்: முடி ரொம்ப மெலிதா? வெயிலில் வியர்க்கிறதா?

சேலம் வாசகர்:
எனக்குக் கீழே கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் வர வேண்டிய பல் பிறவியிலேயே இல்லை. வேர் திடமாக இருந்ததால் டாக்டர் பால்பல்லையே விட்டுவைத்தார். இப்போது வயது 34, அதில்தான் முறுக்கு கடிக்கிறேன். எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் வேரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ஜப்பானில் பல் முளைக்க ஊசி வந்துவிட்டதாமே, டாக்டர்?

பல் சீரமைப்பு மருத்துவர்:
வரவில்லை சார். கியோட்டோவில் 2024இல் முதல்கட்டச் சோதனை தொடங்கினார்கள், பெரியவர்களிடம், மருந்து பாதுகாப்பானதா என்று பார்க்க. அதை நம்பி இந்தப் பிள்ளையின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நெல்லை அம்மா:
முடி அடர்த்தி, வியர்வையும் நன்றாகவே வரும் டாக்டர். கோரைப்பல் வழியைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவே இல்லை. இவளுக்கு ஏழு வயதுத் தம்பி இருக்கிறான், அவனுக்கும் பார்க்க வேண்டுமா?

பல் சீரமைப்பு மருத்துவர்:
பல் இல்லாததோடு முடி மெலிந்து, வியர்வையும் குறைந்திருந்தால் அது வேறொரு பிறவிக் கோளாறாக இருக்கலாம், அதனால்தான் கேட்டேன். முடியும் வியர்வையும் சரி என்றால் கவலை இல்லை. இது குடும்பவழியில் வருவதுதான், அதனால் தம்பிக்கு எட்டு, ஒன்பது வயதில் ஒரு ஓபிஜி எடுத்துவிடுங்கள். அவளுடைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள்.