டும் டும்முக்கு வெளியே போன டிஜே மிக்ஸ்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சென்னை

டிஜே என்றாலே நமக்குக் கல்யாண ரிசப்ஷனும் ஆளுயர ஸ்பீக்கரும்தான் நினைவுக்கு வருகின்றன. ராத்திரி முழுக்க ஒரே தாளம், ஒரே வேகம். அதற்கு வெளியே போன மிக்ஸ்களை, அதாவது பல பாட்டுகளை விடாமல் கோத்துத் தரும் தொகுப்புகளைக் கேட்டவர்கள், நேரில் ஆடியவர்கள் எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். கோல்ட்கட் என்ற பிரிட்டிஷ் இரட்டையர் 1995இல் வெளியிட்ட '70 மினிட்ஸ் ஆஃப் மேட்னஸ்'. ஹிப்-ஹாப், படுவேகமான ஜங்கிள், எலக்ட்ரானிக் நடன இசையான டெக்னோ என்று வகை வகையாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசை வந்து விழும். இன்னோரிடத்தில் பங்க் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் பேச்சு. பெயரில்தான் பைத்தியம், உள்ளே எல்லாம் கணக்குப் போட்டுச் செய்த வேலை. ஹெட்போனில் கேட்டாலும் எந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

பெங்களூரு (படித்தது கிளாஸ்கோ)

2000களின் நடுவில் கிளாஸ்கோவில் முதுநிலைப் படிப்பு. ஜமைக்கா தெருவில் சப் கிளப் என்று தரைக்குக் கீழே ஓர் இடம், தாழ்ந்த கூரை. ஞாயிறு இரவுகளில் அங்கே 'ஆப்டிமோ' நடக்கும். 1997இல் தொடங்கி 2010 வரை வாராவாரம் நடத்தினார்கள். ஜே.டி. ட்விச், ஜே.ஜி. வில்க்ஸ் இருவரும்தான் டிஜேக்கள். ட்விச் அதற்கு முன்பே எடின்பரோவில் 'ப்யூர்' என்ற டெக்னோ இரவை நடத்திப் பேர் வாங்கியவர். டெக்னோவை மட்டுமே போட்டுச் சலித்துப்போனவர் பிடித்ததுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆபீஸைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வரமாட்டார்கள். வருகிறவர்கள் எதற்கும் துணிந்து வருவார்கள்.

முதல் தடவை போனபோது டெக்னோதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி, வழக்கமான கிளப் என்று நினைத்துக் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் பழைய ராக் அண்ட் ரோல் கிடார் கேட்டது. அப்புறம் டப் ரெகே. அந்த பாஸின், அதாவது அடிநாதத்தின், அதிர்வில் மேசைமேல் வைத்த பீர் கிளாஸ் தானாக நகர்ந்தது. ஆடுகிறவர்கள் யாரும் ஆடுகளத்தை விட்டு நகரவில்லை. இவ்வளவு தாவியும் ஏன் உறுத்தவில்லை என்று அறைக்கு நடந்து போகும்போதெல்லாம் யோசித்தேன். பல வாரம் போய்க் கேட்ட பிறகுதான் புரிந்தது: தாளம் மாறினாலும் பாஸ் கிடாரின் நடை ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குக் கை மாறிக்கொண்டே போகும். கால் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

ஓரளவு அந்த ருசி 2004இல் அவர்கள் வெளியிட்ட 'ஹவ் டு கில் த டிஜே' இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ட்விச் இறந்த செய்தி வந்த அன்று வீட்டில் அதுதான் ஓடியது.

டொராண்டோ

அண்ணா சொன்ன பாஸ் விஷயம் சரி. நான் இங்கே கல்யாண ஹால்களில் டிஜே, அதனால் தொழில் பக்கத்தைச் சொல்கிறேன்.

டெக்னிக்ஸ் 1200 என்ற ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிளில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர் மேலே 8 சதவீதம், கீழே 8 சதவீதம்தான் போகும். நிமிடத்துக்கு 125 தாள அடி விழும் ஹவுஸ் வகை நடனப் பாட்டை 135 ஆக்கலாம், அல்லது 115க்கு இறக்கலாம். அவ்வளவுதான். 90இல் நடக்கும் பாட்டு அதற்குள் அகப்படாது. அதோடு, வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். 6 சதவீதம் தள்ளினாலே அரைச்சுரம் கூடிப் பாடுகிறவர் குரல் கீச்சென்று ஆகிவிடும். இப்போது கம்ப்யூட்டர் சுருதியைப் பூட்டிக்கொடுக்கிறது. அந்தக் காலத்து ரெக்கார்டுக்காரர்களுக்கு அந்த வசதி ஏது?

எழுபதுகளின் பாட்டுகளில் இன்னொரு தொல்லை. டிரம்ஸ் வாசித்தது மனிதர். கோரஸ் வந்தால் உற்சாகத்தில் ஓடுவார், சரணத்தில் தளர்வார். அவர் பின்னாலேயே ஸ்லைடரில் விரல் ஓட வேண்டும்.

தப்பிக்க வழி உண்டு. ஜங்கிள் 170 என்றால் ஹிப்-ஹாப் 85. ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்காரும். கோல்ட்கட் மாதிரி ஆட்களுக்கு இது கைவந்த கலை. அதுவும் ஒத்துவராவிட்டால் ஒரு பேச்சுக்குரலைப் போட்டுத் தாளத்தை நிறுத்திவிட்டு, அடுத்ததைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான்.

லண்டன்

தம்பி, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கலக்கத்தான் வேண்டுமா? நியூயார்க்கில் டேவிட் மான்குசோ 1970 காதலர் தினத்தன்று தன் வீட்டிலேயே தொடங்கிய 'லாஃப்ட்' விருந்துகளைப் பாருங்கள். ஆரம்பத்தில் அவரும் கலந்துதான் போட்டார். போகப்போக பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியையே தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை அதன் வேகத்திலேயே போட்டார். பாட்டை ஆக்கியவர் நினைத்த மாதிரியே அது கேட்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர்கள், விலை உயர்ந்த ஊசி, கூரையில் பலூன்கள். சோல், ராக், ஜாஸ், ஆப்பிரிக்க மேளம், எதற்கும் தடை இல்லை.

கேமரூன் சாக்ஸபோன் கலைஞர் மனு திபாங்கோவின் 'சோல் மகோஸா'வை புரூக்ளினில் ஒரு கடையில் தேடிப் பிடித்துப் போட்டவரும் அவர்தான். 1972 ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்துக்காக வந்த தட்டின் பின்பக்கப் பாட்டு அது. 1973இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 35ஆம் இடம் வரை போனது.

மான்குசோ 2016இல் காலமானார். அவர் வழியில் இங்கே நடக்கும் 'லக்கி கிளவுட்' விருந்துக்கு நான் போயிருக்கிறேன். ஒரு பாட்டு முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி. அதில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கு முதலில் கச்சேரி சபாவில் நுழைந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. பிறகு நானும் தட்டினேன்.

மதுரை

மான்குசோ கட்சியில் நான் சேரமாட்டேன். கலப்பதில்தான் சுவை. டிஜே ரப்ச்சர் 2001இல் மூன்று டர்ன்டேபிள் வைத்துச் செய்து இணையத்தில் இலவசமாக விட்ட 'கோல்ட் டீத் தீஃப்' கேட்டுப் பாருங்கள். அமெரிக்க ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டும் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவும் ஒரே வண்டியில் போகிறார்கள். நெட் சென்டரில் கெஞ்சி சி.டி.யில் எழுதி வாங்கினேன். கடைக்காரர் கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஃபைல் கரப்ட் ஆயிருச்சு போல, வேற எறக்கவா?" என்றார்.

புதுச்சேரி

அது இலவசமாக வந்ததற்குக் காரணம் புரிகிறது: பாட்டுகளுக்கு உரிமை வாங்குவது அவ்வளவு பாடு. பெல்ஜியத்தின் 2மெனிடிஜேஸ் 2002இல் முறைப்படி உரிமை வாங்கி ஒரு மிக்ஸ் வெளியிட்டார்கள். கேட்டது 187 பாட்டுகள். 62க்கு மறுப்பு, 11க்கு உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியவில்லை. கிடைத்தவை 114. அமெரிக்க கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனுக்கும் நார்வேயின் எலக்ட்ரானிக் இரட்டையர் ராய்க்சாப்புக்கும் அதில் சம்பந்தம் பண்ணிவைத்திருக்கிறார்கள்.

டொராண்டோ

லண்டன் அண்ணா சொன்னதற்காகவே போன கல்யாணத்தில் இலங்கை பைலாப் பாட்டுகள் முடிந்ததும் 'சோல் மகோஸா'வை முழுசாக, எதுவும் கலக்காமல் போட்டேன். சின்னவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் நின்று ஆடினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கு வந்து, "தம்பி, இது எந்தப் படம்?" என்று கேட்டார்.