பழைய கமரா செற்றுக்கு வீடியோ பெல் சேர்த்தவங்க, உங்கட வாசலில நடந்ததைச் சொல்லுங்க

மதிலோரம், உப்புவெளி:

நாலு கமரா, படத்தைப் பதியுற பழைய டிவிஆர் பெட்டி, எல்லாம் கோஎக்சியல் வயர் (ரிவி அன்ரெனா வயர் மாதிரி). அதில ஒரு குறையும் இல்லை. அம்மா தனிய இருக்கிறா, கேற்றைத் திறக்க முதல் ஆளைப் பார்க்கட்டும் என்டு பற்றரியில ஓடுற வைஃபை பெல் ஒன்றும் பூட்டினன். எனக்குக் கொழும்பில வேலை.

கார்த்திகை மழை. பின்னேரம் பெல் அடிச்சிருக்கு. நான் மீற்றிங்கில, அம்மா கிணத்தடியில. பிறகு போனில கிளிப்பைப் பார்த்தா படம் முழுக்கக் கறுப்புக் குடைத்துணி. வாடைக்காத்துக்கு ஆள் குடையை முன்னுக்குச் சரிச்சுப் பிடிச்சிருக்கார். குரல் மட்டும் வடிவாக் கேக்குது: "மாஸ்டர்... மாஸ்டர் நிக்கிறாரோ?" கொஞ்ச நேரம் மழைச் சத்தம். பிறகு "நான்தான்..." என்டு தொடங்கினார், அதோட கிளிப் முடிஞ்சுது. பற்றரியை மிச்சம் பிடிக்கவாம், கொஞ்ச நேரந்தான் பதியும்.

டிவிஆரைத் திருப்பிப் பார்த்தன். கேற் கமரா கூரை விளிம்பில இருக்கு. மேலால ஒரு குடை வட்டம், வேட்டிக் கரை, செருப்பு. சத்தம் இல்லை. பெட்டியின்ட மணிக்கூடு பிந்தி ஓடுது, அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கவே ராத்திரி போயிட்டுது. கேற்றில ஒரு பை தொங்கினது, உள்ளுக்கு முருங்கைக்காய்.

அப்பா செத்து வருசம் திரும்பியாச்சு. அது தெரியாமல் ஒரு மனிசன் மழைக்குள்ள வந்து கூப்பிட்டுட்டுப் போயிருக்கார். அம்மாவுக்கும் குரல் பிடிபடேல்லை.

பெல்லின்ட படத்தையும் சத்தத்தையும் டிவிஆர் பெட்டியிலயே விடாமப் பதியலாமோ?

கோட்டையடி:

அந்தக் கோஎக்சியலை முதலில கழட்டி எறியுங்க, மதிலோரம். நான் என்விஆருக்கு, அதுதான் நெற்வேர்க் கமராவைப் பதியுற பெட்டிக்கு மாறி, பெல்லுக்கும் நெற்வேர்க் வயர் இழுத்திட்டன். ஒரே வயரில கரண்டும் போகுது, படமும் வருது. இரவு பகலாப் பதியுது, கதை முடிஞ்சுது.

எனக்கு நடந்தது வேற. தைப்பொங்கல் ராத்திரி, ஊர் அடங்கின நேரம், போனில அலேர்ட். மனிசி பார்த்திட்டு "கள்ளன்" என்டு என்ட கையைப் பிடிச்சிட்டா. திரையில ரெண்டு வெள்ளை வட்டம், வேற ஒன்றும் இல்லை. கண்! பிறகு மூக்கு கண்ணாடியில முட்டுது, மூச்சுப் பட்டுப் படம் மங்குது, தெளிஞ்சா கொம்பு. எங்கட திருகோணமலைக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் உங்களுக்குத் தெரியுந்தானே, ரோட்டில மாட்டோட மாடா நிக்கும். பொங்கலுக்குக் கட்டின மாவிலைத் தோரணத்தை நிதானமா ஒவ்வொரு இலையா இழுத்துத் தின்னுது. பேசுற பட்டனை அமத்தி "போ, போ" என்டன். மென்டுகொண்டே நிமிர்ந்து பெல்லைப் பார்த்துது. அவ்வளவுதான், போகேல்லை.

இப்ப "ஆள் வந்தால் மட்டும்" என்டு செற் பண்ணியிருக்கு. அலேர்ட் நின்டுட்டுது, தோரணம் போறது நிக்கேல்லை.

கமரா பாஸ், நிலாவெளி ரோட்:

கோட்டையடி அண்ணை, நீங்கள் சுவர் உடைச்சு வயர் இழுத்தனீங்கள், அந்தக் காசு எல்லாரிட்டயும் இல்லை. கோஎக்சியலை ஒருத்தரும் எறியத் தேவையில்லை.

மதிலோரம் தம்பி, இதைக் கவனமா வாசியுங்கோ. பற்றரி பெல் எப்பவும் நித்திரை. ஆள் அசைஞ்சா இல்லாட்டி பட்டனை அமத்தினாத்தான் முழிக்கும். அதை எந்தப் பெட்டியிலயும் இரவு பகலாப் பதிய ஏலாது, பற்றரி தாங்காது. உங்களுக்கு வேணும் என்டது கரண்டில ஓடுற பெல். அதிலயும் ஓன்விஃப் இல்லாட்டி ஆர்ரிஎஸ்பி (ஒரு கொம்பனிக் கமராவின்ட படத்தை மற்றக் கொம்பனிப் பெட்டி எடுக்க உதவுற பொது முறைகள்) இருக்கோ என்டு பெல் வாற மட்டையில பார்த்து வாங்குங்கோ. அது இல்லாததை மற்றக் கொம்பனி டிவிஆர் கண்டுபிடிக்காது.

அடுத்தது, உங்கட டிவிஆர் மெனுவில ஐபி சனல் என்டு, நெற்வேர்க் கமராவைச் சேர்க்கிற இடம் ஒன்று இருக்கோ பாருங்கோ. இப்ப வாற கன பெட்டி கலப்புப் பெட்டிதான். சிலது நாலு அனலொக் (கோஎக்சியல்) சனலுக்கு மேலதிகமா ஒன்று ரெண்டு ஐபி சனல் தரும், சிலதில ஒரு அனலொக்கை நிப்பாட்டினாத்தான் அந்த இடம் கிடைக்கும். ஓன்விஃப், பெல்லின்ட மெனுவில அனேகமா மூடித்தான் கிடக்கும், திறந்து அதுக்கென்டு தனி யூசர் நேமும் பாஸ்வேர்ட்டும் போடவேணும். சனம் பெல்லின்ட போன் அப்புக்கான பாஸ்வேர்ட்டைப் போட்டுப்போட்டு "வேலை செய்யேல்லை" என்டு எனக்குக் கோல் எடுக்கினம். படம் கறுப்பா வந்தா பெல் அனேகமா எச்.265 என்ட புதுப் படச் சுருக்க முறையில அனுப்புது, பழைய பெட்டிக்கு முந்தின எச்.264தான் விளங்கும், மாத்துங்கோ. சத்தம் வராட்டி "வீடியோ மட்டும்" என்டு இருக்கிறதை ஒலியோட சேர்த்து விடுங்கோ. ரவுட்டரில பெல்லுக்கு ஒரு நிலையான ஐபி விலாசம் குடுங்கோ, இல்லாட்டி கரண்ட் போய் வந்த உடன விலாசம் மாறி பெட்டி தேடிக்கொண்டு நிக்கும். வைஃபை என்டா கன பெல் 2.4 கிகாஹேட்சில மட்டுந்தான் பிடிக்கும், பழைய கல்லுச் சுவர் ரெண்டு தாண்டினா அதுவும் சந்தேகம். கேற் வரைக்கும் நெற்வேர்க் வயர் இழுக்க ஏலுமென்டா 100 மீற்றர் வரைக்கும் பயமில்லை. மணிக்கூட்டுக்கு பெல், பெட்டி ரெண்டிலயும் என்ரிபியை (இன்ரநெற்றில இருந்து நேரம் எடுக்கிறது) திறந்து நேர வலயத்துக்கு +5:30 போடுங்கோ, பிறகு ராத்திரி முழுக்கத் தேடத் தேவையில்லை. பெல் நாலடி உயரத்தில இருக்கட்டும். குடை பிடிச்சாலும் கீழால முகம் தெரியும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதேங்கோ. பட்டனை அமத்தினதும், திரும்பிக் கதைக்கிறதும் அனேகமா பெட்டிக்கு வராது. அது பெல்லின்ட அப்போடயே நிக்கும். பெட்டியில ஆள் தெரிவார், கூப்பிடுறது போனில.

என்ட அனுபவம் என்டா, கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில பெல் செத்துப்போச்சென்டு கழட்டினன். உள்ளுக்கு எறும்பு முட்டை. உப்புக்காத்துப் பட்டு ஸ்குரூ எல்லாம் பச்சை. பின்பக்கத்துக்கு சிலிக்கோன் பூசாமல் பூட்டினது ஆரோ.

லிங்கநகர் ரீச்சர்:

கமரா பாஸ் தம்பி, அவர் ஒரு கேள்வி கேட்டார், நீங்க ஒரு தவணைப் பாடம் நடத்திட்டீங்க. பயன்தான், இல்லை என்டு சொல்லேல்லை.

எங்கட பெல்லால நான் ஸ்ராஃப் ரூமில இருந்து மீன் வாங்குறன். இடைவேளை நேரம் போன் அடிச்சுது. எடுத்தா மீன்கார அண்ணா கேற்றில, மோட்டார்சைக்கிள் ஓடினபடியே நிக்குது. "அண்ணா, நான் வீட்டில இல்லை" என்டன். மனிசன் திகைச்சு, தொப்பியைக் கழட்டி, கேற்றுத் தூணுக்குப் பதில் சொன்னார்: "ரீச்சர், பாரை நல்லா இருக்கு." விலை கூட என்டன். அவர் உடன ஒரு பாரையைத் தூக்கி லென்சுக்குக் கிட்டப் பிடிச்சு, விரலால செவுளை விரிச்சு, "இதைப் பாருங்க, விடியப் பிடிச்சது" என்டார். போன் திரை முழுக்கச் சிவப்பு. ஸ்ராஃப் ரூம் முழுக்க என்ட தோளுக்கு மேலால எட்டிப் பார்த்து, அதிபரே "வாங்குங்க ரீச்சர்" என்டிட்டார். மாமி வெளியில வந்து காசு குடுத்தா.

ஆனா நான் எழுத வந்தது இது இல்லை. முன்வீட்டு அக்கா ஒரு நாள் வந்து மெதுவாச் சொன்னா, "பிள்ளை, உங்கட பெல் எங்கட விறாந்தையைப் பார்க்குது." உண்மைதான். அந்த லென்ஸ் மூலை முடுக்கெல்லாம் பிடிக்கும், ரோட் சின்னன். உடன செற்றிங்கில போய் அவவின்ட விறாந்தைக்கு மேல கறுப்புக் கட்டம் போட்டு, போனையும் காட்டினன். "சரி பிள்ளை" என்டா. பின்னேரங்களில அதில இருந்துதான் தலை காய வைக்கிறவ, மாமியோட கதைக்கிறவ. இப்ப விறாந்தைக்குப் பச்சை நெற் கட்டியிருக்கு.

கோட்டையடி:

ரீச்சர், அதுக்கு நீங்க ஏன் கவலைப்படுறீங்க? 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலயே வீட்டுத் தேவைக்குத் தனி ஆள் வைக்கிறதுக்கு விலக்கு இருக்கு. உங்கட மதில், உங்கட பெல்.

லிங்கநகர் ரீச்சர்:

சட்டத்தைக் கொண்டுபோய் அக்காவுக்கு வாசிச்சுக் காட்டவோ அண்ணா? உங்கட வாசலில நிக்கிறது மான், அது நெற் கட்டாது.

கிண்ணியா மச்சான்:

எங்கட கதையையும் கேளுங்க. பெரியம்மாட மகன் கனடாவால வந்த நேரம் அங்க பாவிச்ச வீடியோ பெல் ஒன்று கொண்டு வந்தார். நல்ல சாமான், பளபளப்பு. உம்மாக்கு ஒரே சந்தோசம். வயரிங் பாஸ் வந்து பழைய கோலிங் பெல்லைக் கழட்டி, அதே ரெண்டு வயரையும் இதில கொழுவினார். கரண்டைப் போட்டதும் "டப்" என்டு ஒரு சத்தம், வீடு முழுக்கக் கருகின மணம். உம்மா கையில வட்டிலப்பத் தட்டோட அப்படியே நிக்கிறா. பெரியம்மாட மகன் ஒரு வார்த்தை பேசல்ல, அதுதான் இன்னும் எனக்கு ஒரு மாதிரி.

பிறகுதான் விசாரிச்சம். அங்க வீடுகள்ல பெல்லுக்கென்டு ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் இருக்குமாம், 16லிருந்து 24 வோல்ற் ஏசி. இங்க கோலிங் பெல்லுக்கு நேரா 230 வோல்ற் வருது. வெளிநாட்டால ஆராச்சும் கொண்டு வந்தா முதல்ல பின்பக்கத்துல என்ன வோல்ற் என்டு பாருங்க. பாஸ்மாரை நம்பாதீங்க.

கமரா பாஸ்:

எல்லாப் பாஸ்மாரையும் ஒன்றாச் சேர்க்காதேங்கோ நானா. அந்த ட்ரான்ஸ்ஃபோமர் இங்கயும் வாங்கலாம், உள்பக்கம் 230, வெளிப்பக்கம் 24 ஏசி. டிசி அடப்டரைக் குடுத்து ஏமாத்தினா வாங்காதேங்கோ, உங்கட பெல்லில டிசி என்டு எழுதியிருந்தால் மட்டும் அது. எங்கட வீட்டு 230 வயர் போற குழாய்க்குள்ள மெல்லிய பெல் வயரை விடவும் வேண்டாம், தனிக் குழாய்.

மதிலோரம்:

எல்லாருக்கும் நன்றி. மெனுவில ஐபி சனல் ரெண்டு சும்மா கிடக்கு, இவ்வளவு நாளும் பார்க்கேல்லை. மணிக்கூட்டையும் சரிப்பண்ணியாச்சு. வயர் பெல்தான் எடுக்கப்போறன்.

ஒரு சந்தேகம். 2025 மாசி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போன நாள் ஞாபகம் இருக்குந்தானே, பாணந்துறை மின் உபநிலையத்தில குரங்கு பாய்ஞ்சதென்டு மந்திரி சொன்னது. அன்டைக்குப் பற்றரி பெல்லுக்கு உயிர் இருந்தது, ஆனா ரவுட்டர் செத்துப்போச்சு, போனுக்கு ஒன்றும் வரேல்லை. வயர் பெல் என்டா பெல்லும் சேர்ந்து போகுமே?

கமரா பாஸ்:

போகும். ரவுட்டர், டிவிஆர், நெற்வேர்க் வயரால பெல்லுக்குக் கரண்ட் குடுக்கிற சுவிட்ச் பெட்டி, மூன்றையும் ஒரு யூபிஎஸ்ஸில போடுங்கோ. ரிவியை அதில கொழுவாதேங்கோ, கொஞ்ச நேரத்தில குடிச்சு முடிச்சிடும். மற்றது, பெல்லுக்குள்ள மெமரி காட் ஒன்றும் போட்டு விடுங்கோ, நெற்வேர்க் அறுந்தாலும் அதில பதியும்.

கிண்ணியா மச்சான்:

அப்ப எங்கட பழைய கோலிங் பெல்லைத் திரும்பப் பூட்டலாமா? உம்மா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா, போன் அடிக்கிறது அவக்குக் கேக்குதில்ல.

கமரா பாஸ்:

பூட்டுங்கோ. வீடியோ பெல் ஒரு பக்கம், பழைய பெல்லின்ட பட்டன் மறுபக்கம் இருக்கட்டும். வாறவைக்கு எதை அமத்திறதென்டு குழப்பம் வரும், ரெண்டையும் அமத்துவினம்.