சம்பளம் ஏற்ற வழியில்லை, ஆளைப் போகவிடாமல் எப்படி நிறுத்துவது?

நீடாமங்கலத்தான்:
நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லைப் பார்த்துக்கொள்கிறேன், மொத்தம் 22 பேர். இந்த வருடம் ஆறு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், நெல் காயவைக்கும் டிரையரை ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும் அதில் அடக்கம். நெல்லைக் கையில் அள்ளியதுமே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள், புது ஆளுக்கு அந்தக் கைப்பழக்கம் வர ஒரு போகமாவது ஆகும். தீபாவளிக்கு போனஸ் கூட்டித்தான் கொடுத்தோம். பொங்கல் முடிந்து சம்பா நெல் வந்து குவிகிற நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். பணத்தைத் தவிர வேறு எதுவும் ஆளை நிறுத்துமா?

குடந்தைக்காரி:
நிறுத்தும் சார். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருடமாக இருக்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, ஆனால் ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற இடங்களும் உண்டு. எங்கள் மேனேஜர் கூட்டமில்லாத மதியத்தில் தானே வந்து "உட்காரும்மா" என்பார். லீவையும் மாதத் தொடக்கத்திலேயே நாங்களே பேசி எழுதிக்கொள்கிறோம், குலதெய்வம் கோயிலுக்குப் போக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். வேறு கடையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கூப்பிட்டும் நான் போகவில்லை.

வலங்கைமான் தம்பி:
அண்ணே, நான் அப்படிக் கிளம்பி வந்தவன்தான். மூன்று வருடம் ஒரு மில்லில் பாய்லர் பக்கம் நின்றேன். ஸ்டீம் வால்வு சரியில்லை என்று சொல்லி ஒரு வாரம் ஆகியும் யாரும் பார்க்கவில்லை, கடைசியில் நெல் கூடுதலாக அவிந்து அரிசி நிறம் மாறியதும் லாரிக்காரர்கள் முன்னால் என்னைத்தான் திட்டினார்கள். மறுநாள் வால்வை மாற்றினார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனசு அன்றைக்கே விட்டுப்போச்சு. இங்கே திருப்பூரில் வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவது ஊரில் மிஞ்சியதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

தஞ்சை எச்.ஆர்:
உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே இதை எழுதினார். சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், அதைச் சரிசெய்தால் குறை தீருமே தவிர வேலையில் பிடிப்பு தானாக வராது, பிடிப்பு வருவது அங்கீகாரத்திலும் பொறுப்பிலும் வளர்ச்சியிலும் என்றார். ஆனால் சார், பி.எஃப், ஓவர்டைம் இரண்டும் ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பாருங்கள், அதில் கைவைத்துவிட்டுப் பாராட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் பாய்லர் ஆளை அரசு சான்றிதழ் தேர்வு எழுத வையுங்கள். சான்றிதழ் வாங்கினால் ஓடிவிடுவான் என்று பயந்து தடுத்தால் இன்னும் சீக்கிரம் போவான்.

நீடாமங்கலத்தான்:
தம்பி எழுதியதைப் படித்ததும் சுருக்கென்றது. எங்கள் டிரையர்காரரும் பெல்ட்டை மாற்றச் சொல்லி இரண்டு தடவை கேட்டார், சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்று ராத்திரி அவருக்குப் போன் செய்கிறேன்.